சென்று இறங்கியபின் கிடைக்கும் விசா



வெளிநாட்டுப் பயணம் என்றாலே நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு ஒரு காலத்தில் கப்பல்தான் நினைவுக்கு வரும். ரஜூலா, சிதம்பரம் ஆகிய கப்பல்களின் பெயர்களை இன்றும் மறவாதவர்கள் உண்டு. இப்பொழுது கோலாலம்பூரில் காலையில் விமானம் ஏறினால், மாலைக்குள் இமயமலையின் அடிவாரத்தில் இறங்கிவிடலாம். மாதந்தோறும் சீட்டுக் கட்டியும், மேலதிக நேர வேலை செய்தும் சேர்த்த பணத்தில், வயதான தாய் தந்தையரை ஒரு முறையாவது தலயாத்திரைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று விரும்பும் பிள்ளைகள் நம்மிடையே பலர். அப்படிப் பயணம் பேசத் தொடங்கும்போது ஒரு வாசகம் கட்டாயம் காதில் விழும். "அந்த நாட்டுக்கு விசாவுக்கு அலைய வேண்டாம், போய் இறங்கினால் விமான நிலையத்திலேயே கொடுத்துவிடுவார்கள்" என்பதே அது.

இதில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதி தெரியாமல் புறப்பட்டால், பல ஆண்டுச் சேமிப்பு விமான நிலைய வாயிலிலேயே வீணாகிவிடக்கூடும். ஆகவே, சென்று இறங்கியபின் கிடைக்கும் விசா என்றால் என்ன, அது யாருக்குக் கிடைக்கும், அதற்கு நாம் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பனவற்றை இன்று பார்ப்போம்.

முதலில் மூன்று பொருள்களை வேறு வேறாகப் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். அவை கடப்பிதழ், விசா, நுழைவு முத்திரை என்பன. நம் தோட்டத்திற்கு வெளியார் ஒருவர் வருவதாக வைத்துக்கொள்வோம். அவர் காட்டும் அடையாள அட்டை, அவர் யார் என்பதைச் சொல்கிறது. அவர் உள்ளே வரலாம் என்று நிர்வாகி தரும் சீட்டு, அனுமதியைச் சொல்கிறது. வாயிலில் நிற்கும் காவற்காரர், சீட்டைப் பார்த்து, நேரத்தைப் புத்தகத்தில் பதிந்து, தடியை உயர்த்தி உள்ளே விடுகிறார். கடப்பிதழ் அந்த அடையாள அட்டையைப் போன்றது. அதை நமக்கு வழங்குவது நம் அரசாங்கம். விசா நிர்வாகியின் அனுமதிச் சீட்டைப் போன்றது. அதைத் தருவது நாம் போகும் நாட்டின் அரசாங்கம். நுழைவு முத்திரையோ வாயிற்காவலர் பதியும் பதிவைப் போன்றது. அதைக் குத்துபவர் அந்நாட்டின் குடிநுழைவு அதிகாரி. கடப்பிதழ் இருப்பதாலேயே விசா கிடைத்துவிடாது. விசா இருப்பதாலேயே வாயில் திறந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. கடைசி முடிவு அதிகாரியின் கையில்தான் இருக்கிறது.

விசா பெறும் முறைகள் நான்கு. ஒன்று, விசாவே வேண்டாத முறை. மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியா ஆகிய அண்டை நாடுகளுக்குக் குறுகிய காலச் சுற்றுலா செல்ல விசா எடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது, புறப்படுமுன் அந்நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பித்து வாங்கும் முறை. மூன்றாவது, புறப்படுமுன் கணினி வழியே விண்ணப்பித்து அனுமதி பெறும் மின்விசா முறை. நான்காவதுதான் சென்று இறங்கியபின் விமான நிலையத்திலோ எல்லைச் சாவடியிலோ பெறும் முறை. ஒரே நாடு ஒரு நாட்டவருக்கு ஒரு முறையையும் மற்றொரு நாட்டவருக்கு வேறொரு முறையையும் வைத்திருக்கும். ஆகவே "அந்த நாட்டில் இறங்கினால் கிடைக்குமா?" என்று கேட்பது போதாது. "என் கையில் உள்ள கடப்பிதழுக்குக் கிடைக்குமா?" என்றே கேட்க வேண்டும்.

நான்காவது முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு நேப்பாளம். காட்மாண்டுவில் பாக்மதி ஆற்றங்கரையில் உள்ள பசுபதிநாதர் கோயிலையும், மலைமீதுள்ள முக்திநாத்தையும் காண நம் நாட்டிலிருந்து ஆண்டுதோறும் யாத்திரைக் குழுக்கள் செல்கின்றன. வைணவர்கள் போற்றும் 108 திவ்விய தேசங்களுள் ஒன்றான சாளக்கிராமம் முக்திநாத்தே என்று கருதுவோர் பலர். 1951-ஆம் ஆண்டு வரை வெளிநாட்டார்க்குப் பெரும்பாலும் கதவடைத்திருந்த நாடு நேப்பாளம். இன்று சுற்றுலா அதன் முக்கிய வருவாய்களில் ஒன்று. பயணிகளைத் தூதரக வாயிலில் காக்க வைப்பதைவிட, வந்து இறங்கியதும் கட்டணம் பெற்று அனுமதிப்பது இரு சாராருக்கும் எளிது. இம்முறை ஏற்பட்டதற்குக் காரணம் இதுவே.

மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் காட்மாண்டு விமான நிலையத்தில் இறங்கியபின் சுற்றுலா விசா பெறலாம். 15 நாள் தங்க 30 அமெரிக்க டாலர். 30 நாளுக்கு 50 டாலர். 90 நாளுக்கு 125 டாலர். 10 வயதுக்குக் குறைந்த மலேசியப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லை என்பதால் விசாவே வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. பிள்ளைக்கும் தனிக் கடப்பிதழ் வேண்டும். விண்ணப்பமும் விசாவும் வேண்டும்.

அங்கு நடக்கும் வேலை மூன்று படிகளைக் கொண்டது. முதற்படி விண்ணப்பப் படிவம். நேப்பாளக் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில், போய்ச் சேரும் நாளுக்கு முந்திய 15 நாள்களுக்குள் அதை நிரப்பி, கிடைக்கும் பற்றுச்சீட்டை அச்சடித்து எடுத்துச் செல்லலாம். அல்லது விமான நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் நிரப்பலாம். இரண்டாம் படி, முகப்பில் கட்டணம் செலுத்திப் பற்றுச்சீட்டு வாங்குவது. மூன்றாம் படி, கடப்பிதழ், படிவம், பற்றுச்சீட்டு ஆகிய மூன்றையும் குடிநுழைவு அதிகாரியிடம் கொடுப்பது. படிவத்தைத் தோட்டத்திலேயே, எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்பிவிடுவது நல்லது. விமானத்தில் வந்த களைப்போடு, நீண்ட வரிசையில் நின்று, இயந்திரத்தின் முன் எழுத்தெழுத்தாகத் தேடுவது வயதானவர்களுக்குத் துன்பம். கட்டணத்தை அமெரிக்க டாலர் ரொக்கமாக, சில்லறையோடு கொண்டுபோக வேண்டும். வங்கி அட்டை அங்கு வேலை செய்யும் என்று நம்பிப் புறப்படக் கூடாது.

இனி ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். தந்தை, தாய், பாட்டி, எட்டு வயதுப் பிள்ளை ஆக நால்வர் போகிறார்கள். பயணம் 14 நாள். பெரியவர் மூவருக்கு 15 நாள் விசா எடுத்தால் 90 டாலர். 30 நாள் விசா எடுத்தால் 150 டாலர். 60 டாலர் மிச்சம் என்று 15 நாள் விசாவை எடுப்பது சரிதானா? முக்திநாத் போகிறவர்கள் சற்று யோசிக்க வேண்டும். பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குப் பறக்கும் சிறு விமானங்கள் மலைக்காற்றுக்கும் மேகத்திற்கும் கட்டுப்பட்டவை. அவை பெரும்பாலும் காலை வேளையில்தான் பறக்கும். வானிலை கெட்டால் அன்றைய பயணம் நின்றுவிடும். அப்படி இரண்டு மூன்று நாள் தங்க நேர்ந்து 15 நாள் முடிந்துபோனால், விசாவை நீட்டிக்க வேண்டும். நீட்டிப்புக்குக் குறைந்த அளவு 15 நாள். அதற்குக் கட்டணம் ஆளுக்கு 45 டாலர். மூவருக்கு 135 டாலர். முன்பு கட்டிய 90-ஐயும் சேர்த்தால் 225 டாலர் ஆகிறது. முதலிலேயே 150 டாலர் கட்டியிருந்தால் 75 டாலர் மிஞ்சியிருக்கும். நீட்டிக்காமல் நாள் கடத்தினாலோ, அபராதமாக நாளொன்றுக்கு ஆளுக்கு 5 டாலர் மேலும் சேரும். ஆகவே பயண நாள்களோடு சில நாள்களைக் கூட்டி எண்ணி, அதற்கேற்ற விசாவை எடுப்பதே சிக்கனம். இறங்கிய நாளையே முதல் நாளாக எண்ணிக்கொள்வதும் பாதுகாப்பு.

விசா எல்லாவற்றுக்கும் திறவுகோல் அன்று என்பதும் நினைவில் இருக்கட்டும். முக்திநாத் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கிறது. அப்பகுதிக்குள் செல்ல வெளிநாட்டார் தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். மேலும், சுற்றுலா விசாவில் சென்றவர் அங்கே ஊதியத்திற்கு வேலை செய்யக் கூடாது. பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவான விதி இது.

இங்கே நம் தோட்டக் குடும்பங்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒரே வீட்டில் அண்ணன் கையில் நீல நிற அடையாள அட்டையும், தம்பி கையிலோ தாயார் கையிலோ சிவப்பு நிற அடையாள அட்டையும் இருப்பதை நாம் அறிவோம். பிறப்பைப் பதியாமல் விட்டதாலும், பெற்றோரின் திருமணத்தைப் பதியாமல் விட்டதாலும் வந்த நிலைமை அது. மலேசியக் கடப்பிதழ் குடியுரிமை பெற்றவர்களுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. "மலேசியர்களுக்கு இறங்கியதும் விசா கிடைக்கும்" என்றால், இந்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் கிடைக்கும் என்பது பொருளன்று. மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் என்பதே பொருள். சில நாட்டவருக்கும், பயண ஆவணம் மட்டும் வைத்துள்ள அகதிகளுக்கும் இறங்கியபின் விசா தருவதில்லை என்று நேப்பாளம் தனிப் பட்டியலே வைத்திருக்கிறது. எனவே, குடும்பத்தில் ஒருவருக்குக் குடியுரிமை இல்லையென்றால், பயணச்சீட்டு வாங்குமுன் செய்ய வேண்டியவை இரண்டு. நம் குடிநுழைவுத் துறைக்குச் சென்று, தமக்கு எந்தப் பயண ஆவணம் கிடைக்கும், திரும்பி வர என்ன அனுமதி வேண்டும் என்று கேட்க வேண்டும். பிறகு, அந்த ஆவணத்திற்கு எந்த முறையில் விசா தருவார்கள் என்று நேப்பாளத் தூதரகத்தில் கேட்க வேண்டும். அத்தூதரகம் கோலாலம்பூரிலேயே இருக்கிறது. சீட்டு வாங்கியபின் கேட்பதால் பயனில்லை. பிள்ளைகளின் பிறப்புப் பதிவையும் குடியுரிமையையும் காலத்தோடு சீர்செய்து வைப்பதன் அவசியம் இத்தகைய வேளையில்தான் விளங்கும்.

அடுத்து, விசா முகப்பை அடையுமுன் நாம் கடக்க வேண்டிய வாயில்கள் இரண்டு. முதலாவது, நம் நாட்டுக் குடிநுழைவு முகப்பு. திவாலானவர்கள், வருமான வரி பாக்கி வைத்திருப்பவர்கள் ஆகியோர்மீது பயணத் தடை இருக்கக்கூடும். ஐயம் இருந்தால், தடை உண்டா என்பதைக் குடிநுழைவுத் துறையில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இரண்டாவது வாயில், விமான நிறுவனத்தின் முகப்பு. பலரும் எதிர்பாராத இடம் இதுதான். தக்க பத்திரம் இல்லாத பயணியை ஏற்றிச் சென்றால், அவரைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழுகிறது. பல நாடுகள் அபராதமும் விதிக்கின்றன. இந்தியா இதற்கென 2000-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றியது. அந்தப் பொறுப்பு 2025-ஆம் ஆண்டின் புதிய குடிநுழைவுச் சட்டத்திலும் தொடர்கிறது. ஆகவே கடப்பிதழில் ஆறு மாதத் தவணை இருக்கிறதா, திரும்பிவரும் சீட்டு இருக்கிறதா, விசா விதி பொருந்துகிறதா என்று முகப்பு ஊழியர் துருவிப் பார்ப்பார். ஒன்று குறைந்தாலும் பெட்டியை ஏற்ற மாட்டார். அவரோடு சண்டையிட்டுப் பயனில்லை. அவர் கேட்பதை எடுத்துக் காட்டும் நிலையில் நாம் இருக்க வேண்டும்.

இனி இந்தியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்மவர் பெரும்பாலோர் செல்லும் நாடு அது. குழப்பம் மிகுந்ததும் அங்கேதான். இந்தியா 2010-ஆம் ஆண்டு சனவரியில், சிங்கப்பூர், ஜப்பான் உள்ளிட்ட ஐந்து நாட்டவருக்கு, இறங்கியபின் விசா தரும் முறையைத் தொடங்கியது. 2014-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள், 43 நாட்டவருக்குப் புதிய முறை ஒன்று வந்தது. அதன் பெயரிலும் 'வந்து இறங்கியபின் விசா' என்ற சொற்களே இருந்தன. ஆனால் நடைமுறை அப்படியன்று. புறப்படுமுன்பே இணையத்தில் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, மின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். பெயர் ஒன்றாகவும் நடப்பு வேறாகவும் இருந்தமையால், 2015-ஆம் ஆண்டு ஏப்ரலில் அதன் பெயரை மின்-சுற்றுலா விசா என்று மாற்றினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மலேசியாவும் அப்பட்டியலில் சேர்ந்தது. பெயர் மாறி ஆண்டுகள் பல ஆகியும், பழைய பெயர் மக்கள் வாயில் இன்னும் நிற்கிறது. சென்னையில் இறங்கி விசா வாங்கிக்கொள்ளலாம் என்று மலேசியக் கடப்பிதழோடு புறப்படுபவரை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். இந்தியாவில் இறங்கியபின் விசா பெறும் உண்மையான வசதி ஜப்பான், தென் கொரியா போன்ற மிகச் சில நாட்டவருக்கே உண்டு.

இந்திய மின்விசாவைப் புறப்படுவதற்குக் குறைந்தது நான்கு நாள் முன்பே கேட்க வேண்டும். இன்னும் முன்னதாகவே கேட்பது நிம்மதி. உறவினரைப் பார்ப்பதும் கோயில்களைச் சுற்றிப் பார்ப்பதும் சுற்றுலா விசாவில் அடங்கும். மருத்துவச் சிகிச்சைக்கு வேறு விசா உண்டு. நோயாளியோடு துணைக்குச் செல்பவருக்கும் தனி விசா உண்டு. 30 நாள் விசாவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அனுமதித் தாளில் காலாவதி என்று அச்சிட்டிருக்கும் தேதி, அதற்குள் இந்தியாவுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பதைக் குறிக்கிறது. தங்கும் 30 நாள், முதன்முதலில் போய் இறங்கிய நாளிலிருந்து கணக்காகிறது. இதைத் தவறாகப் படித்துத் திரும்பும் நாளைப் பிழையாக முடிவு செய்வோர் உண்டு.

காசியையும் காட்மாண்டுவையும் ஒரே பயணத்தில் பார்க்க எண்ணுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தியாவிலிருந்து நேப்பாளம் போய் மீண்டும் இந்தியா வழியே திரும்பினால், அது இரண்டாம் முறை நுழைவதாகும். நம் இந்திய விசா இரு முறை நுழைய இடம் தருகிறதா என்று பார்க்க வேண்டும். மின்விசா எல்லா வாயில்களிலும் செல்லாது. பட்டியலில் குறித்த வாயில்களில் மட்டுமே செல்லும். சென்னை, திருச்சி, கோயம்புத்தூர் விமான நிலையங்கள் அப்பட்டியலில் உள்ளன. ஆனால் நேப்பாள எல்லையில் பேருந்தில் வந்து இறங்குமிடமெல்லாம் அதில் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பயண முகவர் தரை வழியாக அழைத்து வருவதாகச் சொன்னால், "எந்தச் சாவடி? அங்கே எங்கள் மின்விசா செல்லுமா?" என்று கேட்டு, பட்டியலையும் காட்டச் சொல்லுங்கள்.

முகவர்களைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டில் சுற்றுலா நிறுவனம் நடத்த அமைச்சின் உரிமம் வேண்டும். உரிமத்தைக் கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் இல்லை. பணம் கட்டினால் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். கடப்பிதழைக் கையில் கொடுக்குமுன் ஒரு படி எடுத்து வீட்டில் வைக்க வேண்டும். இணையத்தில் விண்ணப்பிப்போரும் விழிப்பாக இருக்க வேண்டும். அரசாங்கத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டி, அதிகப் பணம் பறிக்கும் போலித் தளங்கள் உள்ளன. இந்திய அரசின் மெய்யான தள முகவரி ‘ஜி ஓ வி டாட் ஐ என்’ என்ற எழுத்துகளில் முடியும். கட்டணமும் விதியும் காலத்துக்குக் காலம் மாறக்கூடியவை. சென்ற ஆண்டு போய்வந்த பக்கத்து வீட்டாரின் சொல்லைக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் புறப்படும் மாதத்தில் தூதரகத்திடமோ, அந்நாட்டின் அரசாங்கத் தளத்திலோ மீண்டும் ஒரு முறை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இதுவரை கூறியவற்றைச் சுருக்கிச் சொல்வோம். கடப்பிதழில் ஆறு மாதத் தவணையும் வெற்றுப் பக்கங்களும் இருக்கட்டும். நிரப்பிய படிவம், முகப்படம், திரும்பும் பயணச்சீட்டு, தங்குமிட முகவரி ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு, பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். விசாக் கட்டணத்தைத் தனியே எண்ணி அதே உறையில் வையுங்கள். அதிகாரி கேட்கும்போது, எத்தனை நாள், எந்த ஊர், எதற்காக வந்தோம் என்பதைக் குடும்பத்தார் அனைவரும் ஒன்றுபோல், உள்ளபடி சொல்லுங்கள். பாட்டிக்கு மொழி தெரியாவிட்டால், பிள்ளை பக்கத்தில் நின்று விளக்கலாம். விசாவும் முத்திரையும் கிடைத்தவுடன், பெயரும் நாள்களும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். பிழை இருந்தால் அப்பொழுதே சொன்னால் எளிதாகத் திருத்தலாம்.

இறங்கியபின் கிடைக்கும் விசா, ஆயத்தமாய் வருபவருக்குக் கிடைக்கும் ஒரு சலுகை. கேட்டவுடன் கொடுத்தே ஆக வேண்டிய உரிமை அன்று. விசா விமான நிலையத்தில் கிடைத்தாலும், அதற்கான வேலை நம் வீட்டு மேசையில், புறப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அந்த வேலையைச் சரியாகச் செய்துவிட்டால், வியர்வை சிந்திச் சேர்த்த பணம் போய்ச் சேர வேண்டிய இடத்திற்கே போய்ச் சேரும். வயதான பெற்றோரும் சன்னிதியின்முன் மனநிறைவோடு கைகூப்பி நிற்பார்கள்.